பதினோரு பேரின் ஒரே விக்கல்

இதன் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது, வயிற்றிலிருந்து கிளம்பி வருகிற அசல் சிரிப்பு, அதற்கு நான் உத்தரவாதம். ஆனால் யார் சிரிப்பார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று இப்போது சொல்லமாட்டேன், காலைப் பிடித்தாலும் சொல்லமாட்டேன். முதலில் கும்பிடவேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களை வரிசையாகக் கும்பிட்டுவிட்டு வருகிறேன், அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்.

என் பெயர் கௌசிகா, ப்ளஸ் டூ, கோயமுத்தூர். எனக்கென்று சொந்தக் குரல் ஒன்று உண்டு, அதை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன், வெளியே எடுத்துப்போவதில்லை. வெளியே போனால் அடுத்தவர் குரல்தான். தலைமையாசிரியையின் குரலில் மைக்கில் அரைநாள் லீவு விட்டிருக்கிறேன், தக்காளி வண்டிக்காரரின் குரலில் மொத்தத் தெருவையும் பையோடு வாசலுக்கு வரவழைத்திருக்கிறேன், கண்டக்டர் குரலில் "ரைட், போலாம்" என்று சொல்லி, டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டரை விட்டுவிட்டு ஒரு டவுன் பஸ்ஸை உக்கடம் வரைக்கும் ஓடவைத்திருக்கிறேன். என் அம்மா பழனாத்தாள் மட்டும் ஒருநாளும் ஏமாந்ததில்லை. செத்துப்போன என் அப்பாவின் குரலில் ஒருமுறை கூப்பிட்டபோது, அடுப்பைப் பார்த்தபடியே, "உன்ற குரல்ல கூப்புடு கண்ணு, அதான் எனக்குப் புடிக்கும்" என்று சொன்னாள். அதற்கு முதல் கும்பிடு.

அம்மா பொன்மாரி பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவள். பத்தொன்பது வருஷமாகச் சுற்றுகிறாள். அந்த வைண்டிங் ஷெட்டில் நாற்பத்திரண்டு பெண்கள். அவர்கள் சுற்றிய கம்பியை நீட்டிப்பிடித்தால் நிலாவுக்குப் போய், அங்கே துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பி வரலாம். அந்த ஷெட்டைத்தான் மூடப்போகிறார்கள் என்று ஆடி மாதம் ஒரு பேச்சு வந்தது. ஷெட் இருக்கிற இடத்தில் வில்லா கட்டலாமாம். அம்மாவுக்கு நாற்பத்தாறு வயது, விரல்களுக்குக் கம்பியைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஷெட் போனால் எங்கள் வீட்டில் நானும் ஊரார் குரல்களும்தான் மிச்சம்.

இதற்கு நடுவில்தான் விக்கல் வந்தது.

அது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு வந்தது. நூல் மில் முதலாளி மருதாசலம் கார் கதவைத் திறக்கும்போது ஒரு விக்கல் விக்கினார், மேலே ஏறிப் பாதியில் உடைகிற மாதிரி ஒரு "ஹிக்". அடுத்த மூச்சில் அதே "ஹிக்" நாலு கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரி வைத்திருக்கிற டாக்டர் சம்பத்துக்கு வந்தது. அவர் அப்போது ஒருவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தார், படுத்திருந்தவர் தன் இதயம்தான் விக்குகிறது என்று அலறி எழுந்து ஓடினார். அடுத்த மூச்சில் சர்க்கரை ஆலைக்காரருக்கு, அதற்கடுத்து என்ஜினீயரிங் காலேஜ்காரருக்கு, இப்படி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒருவராகப் பத்துப் பேரைத் தாண்டி, பதினோராவதாக எங்கள் பம்ப் கம்பெனி சேர்மன் கே. டி. பொன்னுரங்கத்திடம் வந்து நின்றது. நின்று, திரும்பவும் மருதாசலத்திடமிருந்து தொடங்கியது. அரைமணி நேரம் சுற்றியது. பொன்னுரங்கம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், பதினோரு பேருக்கும் நின்றுபோனது.

மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. எங்கள் ஊர் எதற்கும் அதிகம் ஆச்சரியப்படுகிற ஊர் இல்லை, மோட்டார் ஓடுகிறது என்றால் ஓடட்டும் என்று விட்டுவிடும். விக்கல் ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை, பதினோரு பேருக்கு மட்டும் ஏன் வந்தது என்றுதான் கேட்டார்கள். பதில் டீக்கடையிலேயே கிடைத்தது. பொன்னுரங்கம் மருதாசலத்தின் மில்லில் டைரக்டர், மருதாசலம் டாக்டரின் ஆஸ்பத்திரியில் டைரக்டர், டாக்டர் பொன்னுரங்கத்தின் பம்ப் கம்பெனியில் டைரக்டர், மிச்சம் எட்டுப் பேரும் இப்படியே குறுக்கும் நெடுக்குமாக. எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், விடிகாலையில் ஒரே வட்டத்தில் வாக்கிங் போகிறவர்கள், இவர் மகள் அவர் வீட்டு மருமகள், எல்லாரும் மேற்குமலை கிளப்பின் மெம்பர்கள். "கம்பெனி பதினொண்ணு, ஆளும் பதினொண்ணு, ஆனா உள்ள ஓடறது ஒரே ரத்தம்டா" என்றார் டீ மாஸ்டர். "அதான் விக்கலும் ஒண்ணு."

அவ்வளவுதான், ஊர் விக்கலை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. ஷேர் புரோக்கர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு மில் வாசலில் ஆளை நிறுத்தினார்கள், விக்கல் பலமாக இருந்தால் வாங்கினார்கள், லேசாக இருந்தால் விற்றார்கள். கல்யாணப் புரோக்கர்கள் ஜாதகத்தோடு, "மாப்பிள்ளை வீட்டுக்குச் சித்தப்பா வழியில விக்கல் உண்டுங்க" என்று சேர்த்துச் சொன்னார்கள். காலேஜ் பையன்கள் விக்கல் போகிற வழியைப் படமாகப் போட்டு முதல் பரிசு வாங்கினார்கள். பொன்னுரங்கத்தின் வீட்டம்மா வெள்ளி டம்ளர் இல்லாமல் வெளியே புறப்படுவதை விட்டுவிட்டார், ஏனென்றால் கடைசி ஆளான பொன்னுரங்கம் தண்ணீர் குடித்தால்தான் மற்றவர்களுக்கு நிற்கும், மருதாசலம் குளத்தையே குடித்தாலும் நிற்காது. கல்யாண வீடுகளில் பதினோரு பேரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது விக்கல் வந்துவிட்டால், நாதஸ்வரக்காரர் அதற்குத் தகுந்தபடி தாளத்தை மாற்றிக்கொள்ளப் பழகிவிட்டார்.

விக்கல் இல்லாதவர்கள்தான் பாவம். டைல்ஸ் தண்டபாணி என்று ஒருவர், டைல்ஸ் விற்று மேலே வந்து இப்போது வில்லா கட்டுகிறவர், கிளப்பில் புதிய மெம்பர். எங்கள் ஷெட் இருக்கிற இடத்தின் மேல் கண் வைத்தவர் அவர்தான். அவருக்கு விக்கல் வரவில்லை. பச்சை மிளகாயைக் கடித்துப் பார்த்தார், சோடாவை ஒரே மூச்சில் குடித்துப் பார்த்தார், கடைசியில் தானாகவே "ஹிக்" என்று சொல்லிக்கொண்டு கிளப்பில் நடந்தார், ஆனால் மற்றவர்களுக்கு வராத நேரத்தில் இவருக்கு மட்டும் வந்தது. மருதாசலம் அவர் முதுகில் தட்டி, "தண்டபாணி, உங்குளுக்கு வந்துருக்கறது வெறும் வாயுத் தொல்லைங்க" என்றாராம்.

எங்கள் ஆட்களும் ஒன்று செய்து பார்த்தார்கள். யாராவது நினைத்தால் விக்கல் வரும் என்பதுதானே நம் ஊர்க் கணக்கு. ஒருநாள் மத்தியானம் சங்கு ஊதியதும் வைண்டிங் ஷெட்டின் நாற்பத்திரண்டு பெண்களும், இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியின் முந்நூறு ஆண்களும் சோற்றுப் போசியைத் திறக்காமல் கண்ணை மூடி, சேர்மனை நினைத்தார்கள். கால்மணி நேரம் நினைத்தார்கள். அப்படியாவது அவர் விக்கி, யார் நினைக்கிறார்கள் என்று யோசித்து, எங்களை ஞாபகம் வைப்பார் என்று. சேர்மன் அறையில் டீ கொடுக்கப் போன பெண் திரும்பி வந்து, "நல்லா மூச்சு உட்டுட்டு உக்காந்திருக்காருங்கக்கா" என்றாள். போசியைத் திறந்தார்கள். அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து, "நாம நெனச்சா அவுங்களுக்கு வராது கண்ணு. அவுங்குளுக்குள்ள ஒருத்தர் நெனைக்கோணும்" என்றாள். அழவில்லை. ஆனால் அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

சிரிப்பு எங்கே என்று கேட்கிறீர்கள், எனக்குக் கேட்கிறது. பொறுங்கள். இப்போதுதான் கிளப்புக்குள் போகப்போகிறோம்.

மேற்குமலை கிளப்பின் ஆண்டுவிழாவுக்கு, மெம்பர்களைப் போலவே பேசிக் காட்ட ஒரு பிள்ளை வேண்டும் என்று லேடீஸ் கமிட்டி தேடியது. மாவட்ட மிமிக்ரிப் போட்டியில் கோப்பை வாங்கியவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பதினோரு பேரும் பேசிய பழைய பேச்சுகளைப் பதிவு செய்து கொடுத்து, "நல்லா கேலி பண்ணு கண்ணு, வீட்டுல நாங்க பண்ண முடியாது" என்றார் பொன்னுரங்கத்தின் வீட்டம்மா. அந்த அம்மாவுக்கும் ஒரு கும்பிடு. பத்து நாளில் பதினோரு பேரும் என் தொண்டைக்குள் குடிவந்துவிட்டார்கள். மருதாசலத்துக்கு மூக்கு, டாக்டருக்கு அவசரம், பொன்னுரங்கத்துக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னால் ஒரு "ஹ்ஹம்", பின்னால் ஒரு "அப்படித்தானுங்களே?".

ஒத்திகைக்கு ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்குப் போனேன். கிளப்பில் செல்போன் கூடாது, வாசலில் மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே அறைக்கு ஒரு கறுப்பு டெலிபோன், வெள்ளைக்காரன் காலத்து லைன். யாரும் சீட்டாட்டத்திலிருந்து எழுந்து இன்னொரு அறைக்குப் போகமாட்டார்கள், போனை எடுத்து அந்த அறையின் நம்பரைச் சுற்றுவார்கள். அதில் இரண்டு வழக்கங்கள். ஒன்று, எந்த அறையில் ரிசீவரை எடுத்தாலும் எல்லா அறைப் பேச்சும் கேட்கும், ஆனால் கேட்பது மரியாதை இல்லை என்பதால் யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டு, "யார் பேசறது?" என்று கேட்கவே கூடாது. ஐம்பது வருஷப் பழக்கத்தில் குரல் தெரியாதா? கேட்டால் நீ வெளியாள் என்று அர்த்தம். டைல்ஸ் தண்டபாணி முதல் நாளே கேட்டுவிட்டார், அதற்குப் பிறகு அவரிடம் யாரும் போனில் பேசுவதில்லை. அந்த இரண்டாவது வழக்கத்துக்கு நான் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடுகிறேன்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் என்னை உட்காரவைத்தார்கள். அங்கேயும் ஒரு கறுப்பு டெலிபோன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், கிளப் வேட்டி கட்டிய வெயிட்டர் ஒரு தட்டில் பழுப்புக் கவரை ஏந்திக்கொண்டு போகிறார். கவரின் மேல் கொட்டை எழுத்தில் "பொன்மாரி, வைண்டிங் ஷெட்". இந்தப் பதினோரு பேரும் டைரக்டர்களாக இருக்கிற கம்பெனி போர்டு ஒன்றாகக் கூடுவதே இல்லை, காகிதம்தான் தட்டில் அறை அறையாகப் போகும், கையெழுத்தாகித் திரும்பும். யார் மனமும் நோகக்கூடாது என்று கம்பெனிச் செயலாளர் "மூடலாம்" என்று ஒரு தீர்மானமும் "ஓடட்டும்" என்று ஒரு தீர்மானமும் ஆக இரண்டையும் டைப் அடித்து வைத்திருப்பார்.

மெதுவாக ரிசீவரை எடுத்தேன். மரியாதை இல்லைதான், நான் என்ன மெம்பரா?

"டாக்டர், அந்த ஷெட்டு விஷயம் என்ன பண்றீங்க?" சர்க்கரை ஆலைக்காரரின் குரல்.

"மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"மூடலாம்னு எல்லாரும் சொல்றாங்கன்னு தண்டபாணி சொன்னாரு."

"எல்லாரும்னா யாரு?"

"அதான், எல்லாரும்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பதினோரு பேரில் ஒருவருக்கும் அந்த ஷெட்டை மூடவேண்டும் என்று இல்லை, திறந்திருக்கவேண்டும் என்றும் இல்லை. ஒவ்வொருவரும் மற்ற பத்துப் பேர் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊரே பயந்த பதினோரு பேரும் பஸ் ஸ்டாண்டில், "இந்த பஸ் போவுங்களா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நிற்கிற ஆட்கள் மாதிரிதான் இருந்தார்கள். முதலில் ஏறுகிறவர் யாராவது ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

விக்கல் எங்கே தொடங்கும் என்று ஊருக்கே தெரியும். மருதாசலம் ஆவிக்குளியல் அறையில் இருக்கிறார் என்று ரிசீவரிலேயே கேட்டது. போன் மேல் ஒட்டியிருந்த பட்டியலில் அந்த அறைக்கு இருந்த நம்பர் பதினாலைச் சுற்றினேன்.

"ஹ்ஹம். மருதாசலம், அந்த வைண்டிங் ஷெட்டு பாத்தீங்களா. பத்தொம்பது வருஷமா அந்தப் பொம்பளைங்க கம்பி சுத்தறாங்க, ஒரு மோட்டார் திரும்பி வந்ததில்ல. ஓடட்டும்னு எனக்குப் படுது. அப்படித்தானுங்களே?"

அந்தப் பக்கம் ஆவி மூச்சு விட்டது. என் மூச்சு நின்றிருந்தது.

"பொன்னுரங்கமே சொன்னா அப்பறமென்ன" என்றார் மூக்கால். வைத்துவிட்டார்.

நான் பேசியது அந்த ஒரே ஒரு போன்தான். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டு கேட்டேன். மருதாசலம் டாக்டரிடம், "பொன்னுரங்கம் ஓடட்டும்ங்கறாரு" என்றார். டாக்டர் சர்க்கரை ஆலைக்காரரிடம், "பொன்னுரங்கமும் மருதாசலமும் ஓடட்டும்ங்கறாங்க" என்றார். அவர் காலேஜ்காரரிடம், "மூணு பேரும்" என்றார். பேச்சு பில்லியர்ட்ஸ் அறைக்குப் போய், சீட்டு அறைக்குப் போய், நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, ஒவ்வொரு அறையிலும் ஒரு சுற்றுப் பெருத்து, கடைசியில் முடிதிருத்தும் நாற்காலியில் கன்னம் முழுக்கச் சோப்பு நுரையோடு படுத்திருந்த பொன்னுரங்கத்திடம் வந்து சேர்ந்தபோது, "எல்லாரும் ஓடட்டும்னு தீர்மானமாச் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஆகியிருந்தது.

"ஹ்ஹம்" என்றார் அசல் பொன்னுரங்கம். "எல்லாரும் சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்படித்தானுங்களே?"

தட்டு திரும்பிப் போகும்போது கையெழுத்தெல்லாம் ஆகிக் கவர் ஒட்டியிருந்தது. அன்றைக்கு ஒத்திகையில் எனக்கு ஒரு குரலும் சரியாக வரவில்லை.

திங்கட்கிழமை, மூடப்போவதில்லை என்று ஷெட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அம்மா அதை வாசித்துவிட்டு, நம்பாமல் திரும்ப வாசித்துவிட்டு, ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தாள். பெண்கள் நாற்பத்திரண்டு பேரும் சேர்மன் அறைக்குப் போய் நன்றி சொன்னார்கள். அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "எனக்கெதுக்குங்க, எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்" என்றாராம். ஆனால் வாக்கிங்கில் மருதாசலம், "ஆரம்பிச்சது நீங்கதானுங்களே பொன்னுரங்கம்" என்றார். கல்யாண வீட்டில் டாக்டர், "நீங்க எடுத்த முடிவு, நாங்க பின்னால வந்தோம்" என்றார். பொன்னுரங்கம் முழித்தார். தான் எப்போது ஆரம்பித்தோம்? ஞாபகம் தப்புகிறதோ என்று பயந்து டாக்டரிடமே போய்த் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார், தலை சுத்தம். பெரிய மனிதர் அல்லவா, பத்துப் பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒத்துக்கொண்டு, தான் சொன்னதைத் தானே மெல்ல மெல்ல ஞாபகப்படுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததற்குத்தான் என் பெரிய கும்பிடு. அப்படி ஒரு வார்த்தை சொன்ன மனிதன் எப்படி இருப்பானோ அப்படி இருக்க ஆரம்பித்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக ஷெட்டுக்குள் வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கம்பி சுற்றக் கற்றுக்கொடுக்கச் சொன்னார், மூன்று சுற்றில் விரலைக் கீறிக்கொண்டார். "ஏனுங்க, இதைத் தெனமுமா பண்றீங்க?" என்று கேட்டார். தகரக் கூரைக்குக் கீழே அட்டை போடச் சொன்னார், ஒவ்வொரு வரிசைக்கும் ஃபேன் போடச் சொன்னார், நாற்பத்திரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகினார். ஆண்டுவிழாவுக்கு அவர்கள் அத்தனை பேரையும் கிளப்புக்கு அழைத்தார், மெம்பர் அல்லாதவர்கள் முன்வாசல் வழியாக உள்ளே வருவது அதுதான் முதல் தடவை.

ஆனால் விக்கல் கெட்டுப்போனது. பொன்னுரங்கம் தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை. வெள்ளி டம்ளர் காலியாகும், சொம்பு காலியாகும், ஆனாலும் மருதாசலத்திடமிருந்து அது திரும்பவும் தொடங்கும். அரைமணி நேரம் கழித்துத் தானாகவே நிற்கும். ஊர் குழம்பியது. ஷேர் புரோக்கர்கள் கடையைச் சாத்தினார்கள். ஏன் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும், என் அம்மாவுக்கும் தெரியும். அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், நாலு பத்துக்கு, பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்த எனக்கு ஒரு "ஹிக்" வந்தது, மேலே ஏறிப் பாதியில் உடைகிற மாதிரி. நான் ரகசியமாக வாயைப் பொத்திக்கொண்டேன். கால்மணி நேரம் கழித்துத் தாங்கமுடியாமல் தண்ணீர் குடித்தேன். டீக்கடையிலிருந்து, "நின்னுபோச்சாம், பதினோரு பேருக்கும் நின்னுபோச்சாம்!" என்று கத்தினார்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். மறுநாள் திங்கட்கிழமை நோட்டீஸை வாசித்தபோது எல்லாவற்றையும் சேர்த்து யோசித்திருக்கவேண்டும், ராத்திரி என்னைக் கூப்பிட்டாள்.

"யார் குரல்ல பேசுன?" என்றாள்.

சொன்னேன். இனி அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்காதே என்று டம்ளரை எடுத்துக் கவிழ்த்துவைத்தாள். "ஆண்டுவிழாவுக்குப் போகாத கண்ணு. மேடையில அந்த நேரத்துல வந்துருச்சுன்னா? கண்டுபுடிச்சாருன்னா அந்தக் கையெழுத்தைக் கிழிச்சுப் போட்டுருவாரு. நாப்பத்திரண்டு குடும்பம்."

நானும் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஷெட்டுப் பெண்கள் ஒரே மாதிரி மாம்பழக் கலர் சேலை எடுத்திருந்தார்கள், பழனாக்கா பொண்ணு மேடையில் பேசுது, நம்ம சார்பா அவருக்கு ஒரு நன்றி சொல்லச் சொல்லு என்று தினமும் அம்மாவிடம் கேட்டார்கள். நன்றி சொல்லப் போகாமல் எப்படி இருப்பது?

விழா ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. முதல் வரிசையில் பதினோரு பேரும் மருதாசலத்திலிருந்து பொன்னுரங்கம் வரைக்கும் வரிசையாக, பின்னால் வீட்டம்மாக்கள், நடுவில் மெம்பர்கள், கடைசி நாலு வரிசையில் மாம்பழக் கலர். நான் மருதாசலத்தின் மூக்கால் பேசினேன், கூரை அதிர்ந்தது. டாக்டரின் அவசரத்தில் ஒருவருக்குச் சளி, இருமல், பிரசவம் மூன்றுக்கும் ஒரே மாத்திரை எழுதிக் கொடுத்தேன், டாக்டரே கைதட்டினார். லேடீஸ் கமிட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. பத்துப் பேர் முடிந்தார்கள். பதினோராவதாக, "ஹ்ஹம்" என்று தொடங்கினேன்.

மணி நாலு பத்து.

மருதாசலம், "ஹிக்". டாக்டர், "ஹிக்". முதல் வரிசை நெடுக, பூப்பந்தலில் காற்று போகிற மாதிரி ஒவ்வொரு தோளாகத் தூக்கிப்போட்டுக்கொண்டு போனது. சபை பழகிய சபை, சும்மா இருந்தது. பொன்னுரங்கம், "ஹிக்". அடுத்த மூச்சில் நான், மைக்கில், "ஹிக்".

அரங்கம் வெடித்தது. நான் விக்கலையும் மிமிக்ரி செய்கிறேன் என்று நினைத்தார்கள்! பொன்னுரங்கத்தின் வீட்டம்மா, "அய்யோ, அச்சு அசலா!" என்றார். அடுத்த சுற்றிலும் பொன்னுரங்கத்துக்குப் பின்னால் நான், அதற்கடுத்த சுற்றிலும் நான். நான் அவர் குரலிலேயே பேசிக்கொண்டு போனேன், ஒவ்வொரு விக்கலையும் வாக்கியத்துக்கு நடுவில் சொருகினேன், கைதட்டல் ஓயவில்லை. தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

வீட்டம்மா வெள்ளி டம்ளரை நீட்டினார். பொன்னுரங்கம் குடித்தார். நிற்கவில்லை. இன்னொன்று குடித்தார். நிற்கவில்லை. அவருக்கு எழுபத்தொரு வயது. ஒவ்வொரு விக்கலுக்கும் தோள் எகிறியது, முகம் சிவந்தது, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார். டாக்டர் எழுந்து அவரிடம் போகப்பார்த்து, தானும் விக்கி உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் மெல்லக் குறைந்தது.

மைக்குக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. குடித்தால் அவருக்கு நிற்கும், ஆனால் ஊரே பார்க்கும். குடிக்காவிட்டால் அரைமணி நேரத்தில் தானாக நிற்கும், அதுவரை அவர் தாங்கவேண்டும். கடைசி வரிசையைப் பார்த்தேன். அம்மா எழுந்து நின்றிருந்தாள். அந்த மனிதர் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர், விரலைக் கீறிக்கொண்டவர். அவள் கையை வாயருகே கொண்டுபோய், குடி என்று காட்டினாள்.

குடித்தேன். பாட்டில் முழுவதும், மைக்கில் களக் களக் என்று கேட்கும்படி குடித்தேன்.

பதினோரு தோள்களும் ஒரே நேரத்தில் இறங்கின.

டைல்ஸ் தண்டபாணி முதலில் வாயைத் திறந்தார். பொன்னுரங்கம் அவரைப் பார்க்கவில்லை, கையை உயர்த்தி அடக்கினார். மடியிலிருந்த வெள்ளி டம்ளரைப் பார்த்தார், என் கையிலிருந்த காலி பாட்டிலைப் பார்த்தார், அந்தக் கோடியில் இருந்த மருதாசலத்தைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். கன்னத்தில் சோப்பு நுரையோடு படுத்திருந்த ஒரு சனிக்கிழமை அவர் முகத்தில் நிதானமாக ஏறிவருவதை நான் பார்த்தேன். எழுந்து மேடையின் ஓரம் வரைக்கும் வந்தார்.

"ஹ்ஹம்" என்றார். "ஏனம்மிணி, அன்னைக்கு மருதாசலத்துக்குப் போன் பண்ணுன பொன்னுரங்கம்... நீதானா?"

எனக்கு எந்தக் குரலும் கிடைக்கவில்லை. வீட்டில் வைத்திருந்ததுதான் வந்தது. "ஆமாங்க. ரொம்ப நன்றிங்க."

மருதாசலம் டாக்டரைப் பார்த்தார், டாக்டர் சர்க்கரை ஆலைக்காரரைப் பார்த்தார், முதல் வரிசை முழுக்க, என்ன செய்யலாம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பொன்னுரங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மருதாசலத்தைக் கேட்காமல், டாக்டரைக் கேட்காமல், ஒருவரையும் கேட்காமல், மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.